வெள்ளூரணியில் ஒரு சன்னல் நாள்

வெள்ளூரணியில் ஜூன் மாதம் முப்பத்தோராம் தேதி விடிந்தபோது ஜெயக்கொடிக்கு இடுப்பு வலி எடுத்திருந்தது, அதனால் அன்றைக்கு அந்த ஊரில் தேதியைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆள் அவள்தான். கவலைப்படவில்லை என்பது மட்டுமில்லை, "இன்னிக்கு என்ன தேதி, உங்க வீட்டுலயும் அதே தேதியா" என்று வாசலுக்கு வாசல் கேட்டுக்கொண்டிருந்த தெருவை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டோ கூப்பிடச் சொல்லி அவள் விரட்டிய புருசன் ராஜகனி நடுவீட்டில் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கிழித்த தாள் கையில் இருந்தது, கண் கிழிக்காத தாளில் இருந்தது.

"ஜெயா, இங்க வந்து பாரேன்."

"நீங்க ஆட்டோவக் கூப்பிடுறீகளா, இல்ல நான் நடந்தே போயிரவா?"

அதிசயமணி பாத்திரக் கடை வருசா வருசம் ஊருக்கே சும்மா கொடுக்கிற தினசரிக் காலண்டர் அது. அந்தக் கடையில் ஒரு கரண்டியாவது வாங்காத வீடு வெள்ளூரணியில் கிடையாது என்பதால் அந்தக் காலண்டர் தொங்காத வீடும் கிடையாது. முப்பதாம் தேதியைக் கிழித்த இடத்தில் ஜூலை ஒன்று இருக்க வேண்டும், இல்லை. மேலே ஜூன் என்று போட்டு, நடுவில் பெரிதாக ㏾ என்று ஒரு எழுத்து இருந்தது. முப்பத்தொன்றும், அதை ஒட்டினாற்போல் குறுக்குச் சட்டம் வைத்த ஒரு சின்னச் சன்னலும். அதற்குக் கீழே கிழமை இல்லை, நட்சத்திரம் இல்லை, திதி இல்லை, ராகு காலம் இல்லை, ராசி பலன் இல்லை. சூரியன் மட்டும் இதையெல்லாம் பார்க்காமல் வழக்கமான இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ராஜகனி ஊரிலிருந்த கனகா பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன், ஜெயக்கொடி அதே பிரஸ்ஸில் புரூப் பார்க்கிறவள். அவன் தப்பு விடுவான், அவள் சிவப்புப் பேனாவால் அடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான். அந்தக் காலண்டர் சீசனில் பிரஸ்ஸில் பழைய எழுத்துருவைத் தூக்கிப் போட்டுப் புதிதாக மாற்றினார்கள், மாற்றியதிலிருந்து பெரிய எண்கள் நடுவில் உடைந்து, 21 என்று அடித்தால் 2 மேலேயும் 1 கீழேயும் போய் விழுந்தது. உலகத்து எழுத்துகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த அடுக்குக்குள் போய்த் தேடுவதென்றால் ராஜகனிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தேடினான். யாரும் சீந்தாத ஒரு மூலையில், ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் ஒவ்வொரு தேதியும் ஒரே எழுத்தாக, யாராலும் உடைக்க முடியாத ஒரே துண்டாக உட்கார்ந்திருந்தது. ஜப்பான்காரர்கள் தந்தி அடித்த காலத்தில் ஒரு தேதியை ஒரே எழுத்தில் அடக்குவதற்காக வைத்துக்கொண்டவை. தந்திக்கு வேலை போன பிறகும், எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்த யாரோ புண்ணியவான்கள் கம்ப்யூட்டருக்குள் அவற்றுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்து, ஆளுக்கொரு இடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தச் சன்னல் வேறொன்றுமில்லை, ஜப்பான் எழுத்தில் நாள் என்று அர்த்தம். மொதலாளி பார்த்துவிட்டு, "சன்னல் நல்லாத்தான இருக்கு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த எழுத்துகளுக்கு மாதம் தெரியாது. எந்த மாதமானாலும் முப்பத்தொன்று வரை வந்துதான் நிற்கும். ராஜகனி மொத்தத்தையும் கொத்தாக எடுத்து எல்லா மாதத்திலும் ஒட்டினான்; மிச்சம் வருகிற தாளைப் புரூப்பில் சிவப்பால் அடித்துக் கொடுத்தால் பைண்டிங் பெண்கள் உருவிப் போட்டுவிடுவார்கள், எப்போதும் நடக்கிற ஏற்பாடுதான். அந்த வாரம் பார்த்து ஜெயக்கொடி மை வாடை பட்டாலே குமட்டுகிறது என்று வீட்டில் படுத்திருந்தாள். ராஜகனியே பேனாவை எடுத்தான். பிப்ரவரியில் அடித்தான், ஏப்ரலில் அடித்தான், ஜூனைக் கையில் எடுத்தபோது போன் வந்தது. "டாக்டரம்மா சொல்லிட்டாக. நெசந்தானாம்" என்றாள் ஜெயக்கொடி. கோயில் என்றும் ஆஸ்பத்திரி என்றும் அலைந்து, இனி இல்லை என்று இரண்டு பேரும் மனசை ஆற்றிக்கொண்ட பிறகு வந்த பிள்ளை. ராஜகனி பேனாவை ஜூன் மேலேயே போட்டுவிட்டு ஓடினான், மறுநாள் வந்து ஜூலையிலிருந்து ஆரம்பித்தான்.

ஆட்டோவில் வலிக்கு நடுவே ஜெயக்கொடி இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஜூன அடிக்கவே இல்லையா?"

"அடிக்கத்தான் போனேன். நீதான் போன் பண்ணுன."

"அப்ப எம்மேலதான் தப்பு?"

"தப்புன்னு யாரு சொன்னா? போன் பண்ணுனன்னுதான் சொன்னேன்."

அவள் அவன் தொடையில் கிள்ளிய கிள்ளு ஆடி மாதம் வரை கன்றிப்போய்க் கிடந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. அவர் சிவகாசியிலிருந்து வர வேண்டியவர், வரவில்லை. காலையில் சிவகாசிக்குக் கிளம்பிப் போன பஸ் எல்லைக்கல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, ஏறின ஆட்களையெல்லாம் ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டிருந்தது. டிரைவர் குருசாமி ஒரு டீயைக் குடித்துக்கொண்டே விவரம் சொன்னார். "அங்கிட்டு இன்னும் விடியலப்பா. கல்லுக்கு இந்தப் பக்கம் வெயிலு, அந்தப் பக்கம் கும்மிருட்டு. நாய்கூட எந்திரிக்கல. நான் யாரப் போயி எழுப்ப?"

ஆக உலகம் முப்பதாம் தேதி இரவிலேயே தூங்கிக்கொண்டிருந்தது, வெள்ளூரணி மட்டும் எழுந்து பல் விளக்கிவிட்டது. முதலில் கொஞ்ச நேரம் ஆளாளுக்குக் கத்தினார்கள். தலைமை ஆசிரியர் பள்ளிக்கூடத்தைத் திறந்து, கரும்பலகையில் தேதி போடச் சுண்ணக்கட்டியைத் தூக்கி, தூக்கின கையோடு நின்று, பிறகு பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பூசாரி திதி தெரியாமல் எந்தப் பூசையைச் செய்வது என்று யோசித்து, கடைசியில் அம்மனுக்குத் தனக்குப் பிடித்த பச்சைப் பட்டைக் கட்டிவிட்டார். டீக்கடைக்குப் பேப்பர் வரவில்லை, போனில் ஒன்றும் ஓடவில்லை, டிவியில் ஒரு சத்தமும் இல்லை, வந்த ஆட்கள் வேறு வழியில்லாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அப்படிப் பார்த்ததில் கிணற்றுப் பங்கில் பிரிந்து பேச்சை விட்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், "என்ன, எளச்சிட்ட?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். விரதக்காரர்கள் கூடிப் பேசி, விரதம் கிழமைக்குத்தான், இன்றைக்குக் கிழமையே இல்லையே என்று முடிவு கட்டிக் கறி எடுத்தார்கள். உச்சி வெயில் ஏறுவதற்குள் அதுவும் ஒரு நாளாகிவிட்டது. சலித்துக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயக்கொடிக்கு இதில் எதற்கும் நேரமில்லை. நர்ஸ் பிலோமினா தனியாளாக நின்று பிரசவம் பார்த்தாள். கூடத்தில் கூடியிருந்த கூட்டம், ராகு காலமே இல்லாத நாளில் பிறக்கிற பிள்ளைக்கு யோகம் உண்டா இல்லையா என்று விவாதம் நடத்திக்கொண்டிருந்தது. "அவனுகள வெளிய போகச் சொல்லு" என்று ஜெயக்கொடி போட்ட சத்தத்தோடு பிள்ளை வந்து விழுந்தது. பெண். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது.

பிலோமினா பிள்ளையைத் துடைத்துச் சுற்றி அவள் பக்கத்தில் போட்டாள். பாதத்தைத் தொட்டு, மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, பயந்துராதீக. ரெண்டு பாதமும் உள்ள மடங்கி இருக்கு. இப்பவே மாவுக்கட்டுப் போட ஆரம்பிச்சா நிமிந்துரும், ஓடியாடும். நாளக் கடத்திராதீக, எலும்பு இறுகிருச்சுன்னா கஷ்டம். மதுரைக்குக் கொண்டு போங்க."

ஜெயக்கொடி அந்தப் பிஞ்சுப் பாதங்களைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அழுவதற்குள் பிலோமினா நோட்டை எடுத்து, "தேதி என்னன்னுக்கா எழுத?" என்று கேட்டுவிட்டாள், அழுகை கோபமாக மாறிவிட்டது.

மறுநாள் ஒழுங்காக ஜூலை ஒன்று வந்தது. பஸ் வந்தது, பேப்பர் வந்தது, டாக்டர் வந்து நேற்றுத்தானே வந்துவிட்டுப் போனேன் என்றார். வெளியூர் ஆட்களிடம் சொல்லிப் பார்த்த ஓரிரண்டு பேர் பட்ட கேலியைப் பார்த்து ஊர் வாயை மூடிக்கொண்டது. தங்களுக்குள் மட்டும் அதற்குச் சன்னல் நாள் என்று பேர் வைத்து, "அந்தச் சன்னல் நாளன்னிக்குச் சாப்பிட்ட கறி மாதிரி வராதுய்யா" என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளை பார்க்க வந்த எல்லாரும் பிள்ளையை விட்டுவிட்டு அந்த நாளைப் பற்றியே பேசினார்கள். பிள்ளைக்குப் பூரணி என்று பேர் வைத்திருக்கிறோம் என்று ஜெயக்கொடி சொன்னால், "சன்னல் பாப்பாவுக்கா?" என்றார்கள். அவர்கள் போனில் பிள்ளையைப் படம் எடுத்தால் படுக்கை விழுந்தது, தலையணை விழுந்தது, பிள்ளை இருந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம் விழுந்தது. போன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் மதுரைக்குப் போனபோதுதான் விசயம் புரிந்தது. எல்லைக்கல்லைத் தாண்டின மாத்திரத்தில், அதுவரை அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நடுவில் நிறுத்திவிட்டு அசையாமல் தூங்கிவிட்டது. மூச்சு இருந்தது, உடம்பில் சூடு இருந்தது, எழுப்பினால் எழவில்லை. பக்கத்து சீட்டுக்காரி ஜெயக்கொடி மடியில் தன் கூடையை வைக்க வந்தாள். "யம்மா, கண்ணு தெரியலையா? பிள்ள இருக்கு" என்று இவள் சீற, அந்த அம்மாள் மடியைப் பார்த்து, இவள் முகத்தைப் பார்த்து, கூடையோடு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற தட்டில் போட்டால் முள் ஆடவில்லை. டாக்டர் நல்ல மனுசன்தான், பொறுமையாகத்தான் கேட்டார்.

"கொழந்தை எங்கம்மா?"

"இந்தா இருக்கு சார்."

"துண்டுதாம்மா இருக்கு. கொழந்தைய எப்போ கூட்டிட்டு வருவீங்க?"

ஜெயக்கொடி போட்ட சத்தத்தில் அந்த வராந்தாவே கூடிவிட்டது. பிள்ளையின் காலை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். அவர் தன் கையைப் பார்த்துவிட்டு, ராஜகனியைத் தனியாகக் கூப்பிட்டு, பிரசவம் ஆன பெண்களுக்குச் சில சமயம் மனசு இப்படி ஆகும், வேறு ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லைக்கல் தாண்டியதும் பிள்ளை, விட்ட இடத்திலிருந்து அழுகையை எடுத்துக்கொண்டது. அப்போதுதான் ஜெயக்கொடியும் அழுதாள்.

"அவுகளுக்கு அந்த நாளே இல்ல. அப்புறம் இவ எப்படித் தெரிவா?" என்றான் ராஜகனி.

"சொல்லுங்க. நல்லா வியாக்கியானம் சொல்லுங்க. புள்ள நடக்கணுமே, அதுக்கு வழி சொல்லுங்க."

உலகத்தின் கணக்கில் பிள்ளையை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு பதிகிற ஆனந்தவேல் உள்ளூர்க்காரன், சன்னல் நாளில் மூக்குமுட்டக் கறி தின்றவன், மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர்தான் சொன்னது. ஜூனைத் தொட்டால் முப்பதோடு பட்டியல் முடிந்துபோயிற்று.

"மதினி, முப்பதுன்னு போட்டுருவோம். ஒரு நாள்ல என்ன குடி முழுகிப் போகுது?"

தப்பான தேதியைத் தெரிந்தே விடுவது ஜெயக்கொடிக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். அடுத்தது அப்பா பேரின் முதலெழுத்து. ஆனந்தவேல் 'ரா' என்று அடித்தான், ஒரு எழுத்துத்தான் போடலாம் என்று கம்ப்யூட்டர் சிவப்பில் கோபித்துக்கொண்டது.

"ஒரு எழுத்துதானய்யா அடிச்ச?" என்றாள்.

"நமக்குத்தான் அது ஒண்ணு" என்று ராஜகனி குறுக்கே வந்தான். "கம்ப்யூட்டருக்குள்ள ர தனி, துணைக்கால் தனி. ரெண்டு எண்ணு, ரெண்டு இடம்."

"அதெல்லாம் கணக்குப் பண்ணாம ர-ன்னே போட்டுருவோம் மதினி, எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்."

"எம் புருசன் பேரு ரஜகனி இல்ல!"

கடைசியில் ர. பூரணி, ஜூன் முப்பது என்று சான்றிதழ் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். எல்லைக்கல்லில் பிள்ளை தூங்கியது, பார்த்தவர்களுக்கு மடியில் துண்டு மட்டும் இருந்தது. திரும்பி வந்து, அதை அழித்துவிட்டு ஜூலை ஒன்று என்று மாற்றினார்கள், ஆனந்தவேல் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுபடியும் மதுரை, மறுபடியும் துண்டு. முப்பதாம் தேதியும் அவளைப் பார்க்கவில்லை, ஒன்றாம் தேதியும் அவளைப் பார்க்கவில்லை, இல்லாத ஆளை எந்தத் தேதி ஏற்றுக்கொள்ளும்? கண்டக்டர் இவர்களைப் பார்த்தால் பேச்சுக் கொடுக்காமல் டிக்கெட்டைக் கிழிக்க ஆரம்பித்திருந்தார். பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிற மாதிரி ஜெயக்கொடிக்குத் தோன்றியது; தினமும் பிலோமினா சொல்லிக் கொடுத்தபடி பிடித்துவிட்டுக்கொண்டே புருசனைத் திட்டினாள், மொதலாளியைத் திட்டினாள், ஜப்பானைத் திட்டினாள், தந்தியைக் கண்டுபிடித்தவனை விட்டுவைக்கவில்லை. திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது போனில் இருந்த படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. எம் பிள்ள இருக்க வேண்டிய எடத்துல கட்டத்தப் பாருங்க. இவ யாருக்குமே இல்லையா?"

ராஜகனி படத்தை வாங்கிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த கட்டம் அது. பிரஸ்ஸில் தினமும் பார்க்கிறவன்.

"இல்லைன்னா இது வராது ஜெயா" என்று மெதுவாகச் சொன்னான். "எழுத்தே இல்லைன்னா வெறும் எடந்தான் வரும். இங்க ஒரு எழுத்து இருக்கு, எங்கிட்ட அதுக்கு உருவம் இல்ல, அப்படின்னு மிஷினு சொல்றப்பதான் கட்டம் வரும். இவ இருக்கான்னு அதுக்குத் தெரியுது."

"தெரிஞ்சு?"

"உருவத்தக் கொடுக்கணும்."

அவள் பிள்ளையின் காலைத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு எழுந்து சேலையை உதறிக் கட்டினாள்.

"அந்த எழுத்து உங்ககிட்ட இருக்குல்ல? எடுத்துக்கிட்டு வாங்க. எத்தன எழுத்து அது?"

"ஒண்ணு" என்றான் ராஜகனி. சொன்ன பிறகுதான் அவள் எங்கே போகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

ஆனந்தவேல் இவர்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "அண்ணாச்சி, இனி மாத்துனா என்னைய வேற ஊருக்குத் தூக்கிருவாக."

"தேதிய மாத்த வேண்டாம். அது என்ன பொய்யோ அதே பொய்யா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் ஜெயக்கொடி. "பேருக்கு முன்னாடி அப்பா எழுத்துத்தான கேட்குது? இவ அப்பன் இவளுக்குன்னு போட்ட எழுத்து ஒண்ணு இருக்கு. அதப் போடு."

ராஜகனி பென் டிரைவைச் செருகி, காலண்டர் கோப்பைத் திறந்து, ஜூன் மாதத்துக் கடைசித் தாளிலிருந்து அந்த ஒற்றை எழுத்தை எடுத்து, முதலெழுத்துக் கட்டத்தில் ஒட்டினான். ரா-வை ஏற்காத கம்ப்யூட்டர், தமிழ்நாட்டில் எவனுக்கும் இல்லாத அந்த எழுத்தை, ஒன்றுதானே என்று எண்ணிப் பார்த்து, ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, சரி என்று வாங்கிக்கொண்டது. ஆனந்தவேல் அச்செடுத்துக் கையில் கொடுத்தான். ㏾ பூரணி.

"இத எப்படி மதினி வாசிக்கிறது?"

"வாசிக்காத. பாரு."

ராஜகனி போனை எடுத்து, அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை ஒரு படம் எடுத்தான். படத்தில் ஜெயக்கொடி எரிச்சலோடு நின்றாள், அவள் இடுப்பில் ஒரு மொட்டைத் தலை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை எல்லைக்கல் வந்தபோது ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை அழுதது. கல் போன பிறகும் அழுதது, சிவகாசி போன பிறகும் அழுதது, மதுரை வரைக்கும் விடாமல் அழுது பஸ்ஸில் ஒருத்தரையும் தூங்க விடவில்லை. "ஏம்மா, அந்தப் பிள்ளைய அமத்தக் கூடாதா?" என்று முன்சீட்டு ஆள் திரும்பிக் கத்தினார். "பிள்ளன்னா அழத்தான் செய்யும்" என்று அவள் கத்தினாள், அப்படிக் கத்துவதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுகிற பெண் சீட்டை வைத்துக்கொண்டு தடுமாறினாள். அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள், நிமிர்ந்து மடியைப் பார்த்தாள். "பாப்பா பூரணியா? வாங்க." டாக்டர் இரண்டு பாதங்களையும் கையில் வாங்கிக்கொண்டார். "இவ்வளவு நாள் எங்கம்மா போனீங்க?" என்று கேட்டார். ஜெயக்கொடிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளையின் காலைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தபோதே மறுபடியும் காலண்டர் சீசன் வந்துவிட்டது. புரூப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஜெயக்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனாள், அவள் போவதற்கு முன்னால் ஊர் போயிருந்தது. சன்னல் நாள் வேண்டும் என்று கறிக்கடைக்காரர் வந்திருந்தார், அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று தலைமை ஆசிரியரும் பஸ் டிரைவர் குருசாமியும் வந்திருந்தார்கள். மொதலாளி நடுவில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ராஜகனி வழக்கம்போல மொத்தத்தையும் கொத்தாக ஒட்டி அச்செடுத்து வைத்திருந்தான்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் ஜெயக்கொடி. "தப்பா சரியான்னு பாக்குறதுதான் எனக்குக் கொடுத்த வேல. யாருக்கு என்ன வேணும்னு பாக்குறது இல்ல."

பிள்ளை மடியில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக் காலால் மேஜையை உதைத்து உதைத்துக் கத்தியது. பிப்ரவரியில் மிச்சத் தாள்களை அடித்தாள், ஏப்ரலில் அடித்தாள். பசிக்குதா, அரிக்குதா, என்னதான் வேணும் உனக்கு என்று பிள்ளையோடு பேசிக்கொண்டே ஜூனை எடுத்தாள், இத்தனை வருசமாக என்ன செய்ததோ அதையே கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. ㏾ மேல் சிவப்பாக ஒரு குறுக்குக் கோடு.

அழுகை நின்றது.

பாதி அழுகையில், வாய் திறந்தபடி நின்றது. ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். கண் மூடியிருந்தது, கால் உதைத்த இடத்திலேயே தொங்கியது, மடி கனக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த ராஜகனி திரும்பி, "துண்டு மட்டும் இருக்கு, புள்ளைய எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டான்.

அவள் அந்தத் தாளை முன்னால் இழுத்தாள். அடித்ததைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் புரூப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. அடித்ததற்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். அந்த எழுத்துக்குக் கீழே ஒவ்வொரு புள்ளியாக, தாள் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தி வைத்தாள். பிறகு ஓரத்தில், கோணல் மாணலாக, ஆனால் ஒரு எழுத்தும் விடாமல் எழுதினாள்: இருக்கட்டும்.

மடி கனத்தது. மேஜையில் மாவுக்கட்டுக் கால் டொக்கென்று விழுந்தது, நிறுத்தின இடத்திலிருந்து அழுகை வீறிட்டுக் கிளம்பியது, வெளியே நின்றிருந்த ஊரே காதைப் பொத்திக்கொண்டது.

"அழு" என்றாள் ஜெயக்கொடி, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு. "சனியனே, நல்லா அழு."